ஊமல் கரி சவர்த்தண்ணீரை நன்னீராக்குமா?

யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் கிணறு மாரியில் நல்ல தண்ணீர், ஆடி பிறந்தால் சவர். தாவரக் கரியால் உப்பைப் பிரிக்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். வளவில் பனங்கொட்டை குவிந்து கிடக்கிறது. ஊமல் (காய்ந்த பனங்கொட்டை) கரியை வாளியில் நிரப்பி வடித்தால் குடிக்கலாமா?"

வடித்தால் உப்புப் போகாது. காணொளியும் பொய்யில்லை. ஆனால் அதில் உப்பை இழுப்பது மின்சாரம். கரி அதைத் தங்கவைக்கும் இடம் மட்டுமே.

மணம், நிறம், குளோரின், எண்ணெய்ப் பசை இவற்றைக் கரி தானாகவே பிடிக்கும். உப்பு அப்படியல்ல. தண்ணீரில் கரைந்ததும் அயன்களாக, அதாவது மின்னேற்றமுள்ள துணிக்கைகளாகப் பிரிந்து, நீர் மூலக்கூறுகளைப் போர்த்துக்கொண்டு கரியைத் தாண்டிப் போய்விடும். சந்தேகமென்றால் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீற்றர் ஒன்றை இரவல் வாங்கி, வடிக்க முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். புதுக்கரி என்றால் இலக்கம் ஏறவும் கூடும். கரியோடு ஒட்டிவந்த சாம்பலின் பொட்டாசியம் உப்புகள் கரைவதுதான் காரணம்.

சரி, மின்சார முறை எப்படி? இரண்டு கரித்தகடுகளுக்கு நடுவே தண்ணீரை ஓடவிட்டு ஏறத்தாழ 1.2 வோல்ற் கொடுப்பார்கள். சோடியம் ஒரு தகட்டிலும் குளோரைட் மற்றதிலும் போய் ஒதுங்கும். தகடு நிறைந்ததும் மின்னை நிறுத்தி இரண்டையும் இணைத்தால் உப்பு வெளியே வரும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கடல்நீருக்கு இது கட்டுப்படியாகாது, சவர்நீருக்குப் பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். நல்ல கரி ஒரு கிராம், ஒரு தடவைக்குச் சுமார் 10 மில்லிகிராம் உப்பைத்தான் தாங்கும். லீற்றருக்கு 2,000 மில்லிகிராம் உப்புள்ள 20 லீற்றரை 500க்கு இறக்க 30 கிராம் உப்பு எடுக்கவேண்டும். அதற்கே 3 கிலோ கரி! அதுவும் 800 பாகை செல்சியசுக்கு மேல் நீராவியில் துளையேற்றிய கரி. சிரட்டைக்கரியை இலங்கைத் தொழிற்சாலைகள் அப்படித் தயாரித்து ஏற்றுமதியும் செய்கின்றன. கிடங்கில் சுட்ட ஊமல் கரி அந்த வேலைக்கு ஆகாது.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. தீவகத்தில் நன்னீர் கடல்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கணக்குப்படி மேலே நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழும்பலாம். துலாவால் அள்ளியபோது கிணற்றுக்கு ஊற நேரம் கிடைத்தது. மோட்டர் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. ஒரேயடியாக இறைக்காமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

குடிக்க மழைநீரைப் பிடியுங்கள். 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றர். சேதாரம் போனாலும் 4,000 தேறும். ஐப்பசி, கார்த்திகையில் இது பெரிய காரியமில்லை. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள்.

உங்கள் ஊமல் கரிக்கு வேலை இங்கேதான். சாம்பல் போகக் கழுவி, மணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு மழைநீரை வடியுங்கள். தொட்டி மணம் குறையும். மணம் திரும்பினால் கரியை மாற்றுங்கள். கிருமி கரியில் நிற்காது, வடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். சவர்த்தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பயனில்லை, வற்ற வற்ற உப்புக் கூடும்.