வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ், சென்சார் கோளாறு: கேள்வி பதில்

கேள்வி: 'வெப்பநிலை சென்சார் பழுது' என்று ஃபர்னஸில் பிழைக் குறியீடு (கோட்) வருகிறது சார். புது சென்சார் போட்டும் போகவில்லை.

பதில்: பழையதை மீட்டரில் அளந்து பார்த்தீர்களா? காற்றின் சூட்டைப் பார்க்கும் சென்சார் பெரும்பாலும் தெர்மிஸ்டராக இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பரவலான வகை 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓம் காட்டும். மின்சாரத்தை அணைத்து, கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸ் கலந்த தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள். 32, 33 கிலோ ஓம் அருகே வந்து நிற்க வேண்டும். கையில் பொத்திப் பிடித்தால் பத்துக்குக் கீழே இறங்க வேண்டும். எண் துள்ளாமல் நகர்ந்தால் சென்சார் நல்லது.

புதியதும் அதே கோட் காட்டுவதால் எனக்குச் சந்தேகம் ஒயர் மேல்தான். போர்டு (ஃபர்னஸை இயக்கும் மின்னணு அட்டை) பக்கம் கனெக்டரைக் கழற்றி, ஒயர் முனையில் அளந்து பாருங்கள். சென்சாரில் வந்த அளவே அங்கேயும் வர வேண்டும். ஒயர் அறுந்திருந்தால் போர்டுக்கு அது கடுங்குளிராகத் தெரியும். இரண்டு ஒயரும் ஒட்டியிருந்தால் கொதிக்கும் சூடாகத் தெரியும். அளக்கும்போதே ஒயரை ஆட்டிப் பாருங்கள், ஒளிந்திருக்கும் முறிவு அப்போதுதான் பிடிபடும். இன்னொன்று: 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் எல்லா தெர்மிஸ்டரும் ஒன்றல்ல, மற்ற சூட்டில் அளவு மாறும். கையேட்டு அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: தீ பற்றுகிறது, சில விநாடியில் அணைகிறது. டெம்பரேச்சர் சென்சார் போய்விட்டதா?

பதில்: இல்லை, அது தீச்சுடர் சென்சார். சுடர் வழியாக ஓடும் சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தைப் பார்த்துத்தான் போர்டு தீ இருப்பதை அறிகிறது. அந்த சென்சாரின் கம்பியில் படிவு ஏறினால் ஓட்டம் குறையும். மின்சாரம், கேஸ் இரண்டையும் அணைத்து, கம்பியை ஸ்டீல் வூலால் மெல்லத் தேயுங்கள். எர்த் ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பத்து நிமிடம் ஓடி பர்னர் அணைகிறது, ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) மட்டும் சுற்றுகிறது.

பதில்: சூடு மிஞ்சினால் பர்னரை அணைக்கும் காவல் சுவிட்ச்தான் லிமிட் சுவிட்ச். அது திறக்கிறது (இணைப்பைத் துண்டிக்கிறது), அதாவது உள்ளே நிஜமாகவே சூடு மிஞ்சுகிறது. முதலில் ஃபில்டர், அடுத்து மூடிக் கிடக்கும் காற்று வழிகள். லிமிட்டை ஒயர் போட்டு ஷார்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: சோதனைக்காக ஐந்து நிமிடம் ஷார்ட் செய்தால் என்ன? மெக்கானிக்குகளே செய்கிறார்களே!

பதில்: செய்கிறார்கள், தெரியும். ஆனால் எதைச் சோதிக்கிறீர்கள்? சுவிட்ச் திறந்ததா என்பதைத்தானே? பர்னர் அணைந்த நேரத்தில் அதன் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். 24 வோல்ட் ஏசி காட்டினால் திறந்திருக்கிறது, 0 என்றால் மூடியிருக்கிறது. அதே விடை கிடைத்துவிட்டது. ஒயர் போட்டால் கூடுதலாகக் கிடைப்பது காவல் இல்லாத தீ மட்டும்தான்.

கேள்வி: ஃபில்டர் புதிது, காற்று நன்றாக வருகிறது, அப்போதும் திறக்கிறதே? லிமிட்டே கெடாதா?

பதில்: கெடும், இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பல முறை சூடாகித் திறந்த லிமிட் தளர்ந்து, பிறகு சீக்கிரமே திறக்க ஆரம்பிக்கும். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பாருங்கள். ஃபர்னஸின் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் வரம்புக்குள் இருந்தும் திறந்தால், அதே அளவுள்ள புது லிமிட் போடுங்கள். அதற்கும் ஷார்ட் தேவையில்லை.

கேள்வி: சார், என்னுடையதும் பற்றி அணைகிறது, எந்த சென்சார் மாற்ற?

பதில்: மேலே இரண்டாவது பதில். மாற்றும் முன் தேயுங்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட் (அறைச் சூட்டைப் பார்த்து ஃபர்னஸை இயக்கும் சுவர்க் கருவி) மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது.

பதில்: இது ஃபர்னஸ் விஷயமே இல்லை. பக்கத்தில் விளக்கோ வெயிலோ படுகிறதா, சுவரில் ஒயர் வரும் ஓட்டை வழியாகக் காற்று வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பர்னர் அருகே சிவப்புப் பட்டனுள்ள சுவிட்ச் ட்ரிப் ஆகி (தானாகவே அணைந்து) விழுந்துவிட்டது. அழுத்திவிடலாமா?

பதில்: அழுத்தாதீர்கள். தீ வெளியே நாக்கு நீட்டினால்தான் அது விழும். புகைவழி அடைப்போ, வெப்பமாற்றி விரிசலோ இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். கேஸை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஷார்ட் செய்யலாமா என்று அடுத்து யாரும் கேட்க வேண்டாம்.

கேள்வி: தெர்மிஸ்டருக்குப் பிளஸ், மைனஸ் உண்டா?

பதில்: கிடையாது. எப்படி மாட்டினாலும் சரி.