பெட்டியின் மேல் அச்சிடாத எண்

கேள்வி: ‘போன் நன்றாக வேலை செய்யும்வரை புதியது வாங்க வேண்டாம்’ என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தீர்கள். நான் ஆறு ஆண்டுகளில் ஐந்து போன் மாற்றியவன். என் அனுபவத்தில் எந்தப் போனும் இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்காது. தங்கைக்குக் கொடுத்த என் பழைய போன் 30 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடுகிறது. அவளுக்கும் புதிது வாங்க வேண்டும். இன்று நடுத்தர விலைக்கே 200 மெகாபிக்சல் கேமராவும் 16 ஜிபி ராமும் கிடைக்கின்றன. என் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்க மறுக்கிறது, அதையும் தள்ளிவிடப் போகிறேன். விளையாட்டுகளைக்கூட இனி டிஸ்க் இல்லாமல் டவுன்லோடாக வாங்குவதுதான் காலத்துக்குப் பொருந்தும். தொழில்நுட்பம் தெரியாமல் வாசகர்களைப் பின்னுக்கு இழுக்கலாமா?
— ஒரு கேட்ஜெட் ஆர்வலர், திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான். தங்கையின் போன் 30 சதவீதத்தில் அணைகிறது என்கிறீர்கள். போன்கள் தாங்காது என்பதற்கு அதையே சாட்சியாக நிறுத்துகிறீர்கள். அந்தச் சாட்சி உங்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது. தேய்ந்திருப்பது பேட்டரி. போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

லித்தியம் அயான் பேட்டரி ஏறி இறங்கும் ஒவ்வொரு சார்ஜுக்கும் கொஞ்சம் கொள்ளளவை இழக்கிறது. சூடு பட்டால் இன்னும் வேகமாக இழக்கிறது. கொள்ளளவு குறையக் குறைய அதன் உள்மின்தடை கூடுகிறது. கேமராவைத் திறக்கும் நொடியிலோ ஃபிளாஷ் அடிக்கும் நொடியிலோ போன் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும். தடை கூடிய பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது. மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது, போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. திரையில் 30 என்று காட்டியது பொய்யில்லை. உள்ளே மின்சாரம் இருந்தது, கேட்ட வேகத்தில் வெளியே வரவில்லை.

இதை ஊரறிய நிரூபித்த வழக்கே உண்டு. 2017-இல் பழைய ஐபோன்கள் மந்தமாகிவிட்டதாகப் பலர் புலம்பிக்கொண்டிருந்தார்கள். பேட்டரியை மாற்றியதும் வேகம் திரும்பிவிட்டதாக ஒருவர் எழுதினார். டிசம்பரில், வேகத்தை அளக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கியவர்கள் தங்களிடம் குவிந்திருந்த அளவீடுகளை வரைபடமாக்கி வெளியிட்டார்கள். ஒரே மாடல் போன்கள் தனித்தனியான குறைந்த வேகங்களில் கொத்துக் கொத்தாகத் தேங்கியிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பேட்டரி தேய்ந்த போன்கள் அணைந்துவிடாமல் இருக்க மென்பொருள் வழியாக வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018-க்கு 29 டாலராகக் குறைத்தது. பிரான்ஸ் அரசு 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கைத் தீர்க்க ஒப்புக்கொண்டார்கள். ஒரு பேட்டரி மாற்றினால் தீர்ந்திருக்கும் குறைக்காகப் புதுப் போன் வாங்கியவர்கள் அதற்குள் எத்தனை பேரோ! அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

நான் தெரியாமல் பேசவில்லை. நான்கு ஆண்டு உழைத்த என் போன் பகல் ஒரு மணிக்கே சோர்ந்துவிடத் தொடங்கியபோது சென்னை ரிச்சி தெருவில் ஒரு சிறிய கடைக்கு எடுத்துப்போனேன். கடையில் இருந்த தம்பி போனின் பின்பக்கத்தை இதமாகச் சூடாக்கி, பசை இளகும்வரை பேசாமல் காத்திருந்தார். பிறகு விசிட்டிங் கார்டு அளவுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் நுழைத்து, தோசையைக் கல்லிலிருந்து எடுப்பது போல மெதுவாகச் சுற்றிலும் ஓட்டினார். “இரும்பு எதையும் உள்ளே விட மாட்டேன் சார், பேட்டரியில் குத்தினால் புகைந்துவிடும்” என்றார். வெளியே வந்த பழைய பேட்டரி நடுவில் குட்டித் தலையணை போலப் புடைத்திருந்தது. அதை அவர் குப்பையில் போடவில்லை, மணல் நிரப்பிய ஒரு தகர டப்பாவில் தனியாக வைத்தார். புதியதை ஒட்டி மூடிய பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னார்: “தண்ணீர் புகாத தன்மை இனிமேல் பழைய மாதிரி இருக்காது. மழையில் வெளியே எடுக்காதீர்கள்.” முக்கால் மணி நேர வேலை. புதுப் போன் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அந்தப் போனிலிருந்துதான் இந்தப் பதிலின் முதல் வரிகளை எழுதினேன்.

இனி உங்கள் 200 மெகாபிக்சல். அந்த வகை சென்சாரில், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பதியும் சில்லில், ஒரு பிக்சலின் (படத்தின் ஒரு புள்ளியின்) அகலம் சுமார் 0.6 மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சிறிய புள்ளியில் விழும் வெளிச்சம் மிகக் குறைவு. அதனால் போன், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே பிக்சலாக எண்ணிக்கொள்கிறது. 200-ஐ 16-ஆல் வகுத்துப் பாருங்கள், 12.5 வரும். நீங்கள் அமைப்பை மாற்றாமல் எடுக்கும் படங்களெல்லாம் ஏறக்குறைய 12 மெகாபிக்சல் படங்களே. 2015-லிருந்து 2021 வரை ஐபோன்களின் முக்கியக் கேமரா 12 மெகாபிக்சலிலேயே நின்றது. 2016-இல் வந்த முதல் கூகுள் பிக்சல் போனிலும் அதே அளவுதான். ஆனால் படங்கள் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டன. சென்சாரின் பரப்பு, லென்ஸ், பல படங்களை எடுத்து ஒன்றாக்கும் மென்பொருள் ஆகியவைதான் காரணம். நல்ல வெயிலில், அசையாமல் பிடித்து, முழு 200-இல் எடுத்தால் தொலைவிலுள்ள கோபுரத்துச் சிற்பத்தை வெட்டிப் பெரிதாக்க முடியும். அதை மறுக்கவில்லை. உங்கள் வீட்டு வரவேற்பறையில், இரவு எட்டு மணிக்கு, ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் படமெடுக்க அந்த எண் உதவாது.

16 ஜிபி ராம் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பல நடுத்தர விலைப் போன்களில் ‘8+8’ என்று எழுதியிருக்கும். முதல் 8தான் உண்மையான ராம், போன் வேலை செய்யும்போது பயன்படுத்தும் வேகமான தற்காலிக நினைவகம். இரண்டாவது 8, உங்கள் சேமிப்பிடத்திலிருந்தே எடுத்து ராம் போலப் பயன்படுத்தும் பகுதி. சேமிப்புச் சில்லு ராமைவிடப் பல மடங்கு மெதுவானது. அரிசியில் உமியைக் கலந்து மொத்தமாக நிறுத்து விற்பதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. மலிவுப் போன்களின் முதுகில் எண்ணிக்கைக்காகப் பதித்திருக்கும் 2 மெகாபிக்சல் லென்ஸும் இதே சரக்குதான்.

பெரிய எழுத்தில் பெட்டியின் மேல் அச்சிட வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் அச்சிடுவதில்லை. இந்தப் போனுக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் வரும்? கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு என்று வாக்குக் கொடுத்தன. விலை குறைந்த போன்கள் பலவற்றில் அதில் பாதிகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் இயங்குதள அப்டேட் குறைந்தது ஐந்து ஆண்டுக்கும், முக்கிய உதிரிபாகங்கள் ஏழு ஆண்டுக்கும் கிடைக்க வேண்டும். ‘எந்தப் போனும் இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்காது’ என்கிறீர்கள். தாங்கும்படி செய்ய முடியும் என்பதால்தான் அப்படிச் சட்டம் போட முடிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நம் ஊர்ப் பெண்கள் நாளெல்லாம் நின்று கோக்கும் பொருள் இது. இரண்டே ஆண்டில் தூக்கிப்போடும் பண்டம் என்று அதை எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது.

லேப்டாப்புக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. உங்கள் கவலை நியாயமானது. ஆனால் விண்டோஸ் 11 ‘மறுக்கிறது’ என்று எழுதினீர்களே தவிர, ஏன் மறுக்கிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை. அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியை (பிராசசரை) கேட்கும். பல இயந்திரங்களில் டிபிஎம் உள்ளேயே இருக்கிறது, லேப்டாப் தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்பில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் இயந்திரத்தில் பிடிடி என்றும், ஏஎம்டி இயந்திரத்தில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். செயலியே பழையது என்றால், விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்கும் பிறகு விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அம்மா பயன்படுத்தும் லேப்டாப், காலையில் திறந்து வைத்துவிட்டு டீ குடித்து வரலாம் என்ற நிலையில் இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போட்டு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் ஏற்றினோம். இந்தப் பக்கமும் அதில்தான் திருத்தப்படும். நீங்கள் ஆன்லைனில் ஆடும் சில விளையாட்டுகள் லினக்ஸில் ஓடாது, அவை முக்கியம் என்றால் புது லேப்டாப் வாங்குங்கள். அது நியாயமான காரணம். செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறியிருப்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு பற்றி ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்களை நிறுத்தியது. தனியாக ஆடும் பகுதிக்கும் சர்வர் வேண்டும் என்று அமைத்திருந்ததால், காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேருக்கும் ஒரே நாளில் விளையாட்டு செத்துப்போனது. டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதி என்பதை மறைக்க மாட்டேன். அந்தக் கோபத்தில் பிறந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். டவுன்லோடாக விற்கும்போது ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதினால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்றும் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் சட்டம் வைத்திருக்கிறது. இப்போது நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கார்ட்ரிட்ஜ்களில் விளையாட்டே கிடையாது, டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டும் இருக்கிறது. விளையாட்டு முழுவதும் உள்ளே இருக்கும் டிஸ்க்கை ஆடி முடித்தபின் நண்பனுக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம். அந்த உரிமையை நீங்களாகவே முன்வந்து விட்டுக்கொடுப்பதைத்தான் ‘காலத்துக்குப் பொருந்தும்’ என்கிறீர்கள். டவுன்லோடுதான் வேண்டும் என்றால் ஜிஓஜி போன்ற கடைகளில் வாங்குங்கள். அங்கே நிறுவல் கோப்பையே உங்கள் கணினியில் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

புதிய கருவிகள் மேல் உங்களுக்குள்ள ஆசையை நான் குறை சொல்லவில்லை. நல்ல திரை, வேகமான சார்ஜிங், இரவிலும் தெளிவாக எடுக்கும் கேமரா எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஐந்து போன் மாற்றிய அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த அனுபவத்தோடு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அப்டேட் எத்தனை ஆண்டு? பேட்டரி மாற்ற எவ்வளவு? உதிரிபாகம் திருச்சியிலேயே கிடைக்குமா? கடைக்காரர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.

அதற்கு முன்னால், இந்த வாரமே தங்கையின் போனுக்கு நல்ல பேட்டரி ஒன்று போட்டுக் கொடுங்கள். அமைப்புகளுக்குள் போய்க் கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் வந்தது என்றும் பாருங்கள். அண்மையில் வந்திருந்தால் அவளுக்குப் புதுப் போன் இப்போது தேவையில்லை.