தபால்காரரைக் கேளுங்கள்: இங்கிலாந்தில் இன்று வெயிலா, மழையா?

(யாழ்ப்பாணத்திலிருந்து 1986இல் இங்கிலாந்து சென்று, கென்ட் பகுதியில் 32 ஆண்டுகள் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.)

என் மகன் செப்டம்பரில் படிப்புக்காக லண்டன் போகிறான். அங்கே தினமும் மழையாமே? எத்தனை குடை வாங்கிக் கொடுக்கலாம்?
– கும்பகோணம் வாசகி

ஒன்றும் வேண்டாம் அம்மா. லண்டனில் ஓராண்டு முழுவதும் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர்தான். சென்னையில் அதைப்போல இரு மடங்குக்கு மேல் பெய்கிறது. ஆனால் சென்னை மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். லண்டன் மழைக்கு வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பத் தெரியாது. சத்தமும் இருக்காது. முதல் ஆண்டில், தெருவில் போகிற காரின் துடைப்பான் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் மழை பெய்வதைத் தெரிந்துகொள்வேன். அந்தத் தூறல் மேலே விழாது, வந்து உட்காரும். ஒரு மணி நேரம் நடந்தால் கையிலுள்ள கடித உறைகளின் ஓரம் பொரித்த அப்பளம்போல நெளிந்திருக்கும். காற்றோ பக்கவாட்டில் வரும். குடை அதற்கு விளையாட்டுச் சாமான். தலையை மூடும் மழைக்கோட்டும் நீர் புகாத காலணியும் போதும். அவற்றையும் இங்கே வந்து வாங்கட்டும்.

மழையைவிட அவனை வாட்டப்போவது இருட்டு. டிசம்பர் பிற்பகுதியில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த மாதத்தில் கொஞ்சம் அடிக்கடி போன் செய்யுங்கள்.

தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் யானை நடந்ததாகப் படித்தேன். கட்டுக்கதைதானே?
– கோவை வாசகர்

கதையல்ல. 1814 பிப்ரவரியில், பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தருகே உறைந்த ஆற்றின்மேல் யானையை நடத்திக் கூட்டிப்போனதாகப் பதிவு இருக்கிறது. ஆற்றின்மேல் கடைசியாகப் பனிச்சந்தை கூடியதும் அப்போதுதான். 1683–84 குளிர்காலத்திலோ ஆறு ஏறக்குறைய இரண்டு மாதம் உறைந்தே கிடந்தது. பனிமேல் தெரு அமைத்துக் கடை போட்டார்கள். அச்சு இயந்திரத்தையும் இழுத்துப்போய், வந்தவர்களின் பெயரை அட்டையில் அச்சிட்டு விற்றார்கள். வியாபாரிக்கு ஆறென்ன, தரையென்ன!

குளிர் மட்டும் காரணமல்ல. பழைய லண்டன் பாலத்தின் தூண்கள் அத்தனை நெருக்கம். நீரோட்டம் தடைபட்டு மேற்புறம் குளம்போலத் தேங்கும். மிதந்து வரும் பனிக்கட்டிகள் தூண்களில் சிக்கிக்கொள்ளும். 1831இல் புதுப் பாலம் திறந்ததும் பழையதை இடித்தார்கள். பிறகு கரையையும் நெருக்கிக் கட்டினார்கள், ஓட்டம் விரைவானது. 1740க்குப் பின் மிகக் கடுங்குளிரான 1962–63 குளிர்காலத்தில்கூட, மேலே ஊர்ப்புறங்களில் உறைந்த ஆறு லண்டன் நடுவே உறையவில்லை.

'இந்தியன் சம்மர்' என்பது நம் நாட்டு வெயிலைப் பார்த்து வைத்த பெயரா?
– திருநெல்வேலி வாசகி

இல்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்த சொல் அது. அக்டோபரில் மூன்று நாள் வெயில் அடித்தால் இங்கே அதைச் சொல்லிவிட்டு, உடனே என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பொறுப்பேற்பதில்லை.

40 டிகிரிக்கு ஆங்கிலேயர் ஏன் இப்படி அலறுகிறார்கள்? எங்களுக்கு அது சாதாரண மே மாதம்!
– வேலூர் வாசகர்

வேலூர்க்காரர் கேட்பது நியாயம்தான். ஆனால் உங்கள் வீடு வெயிலுக்காகக் கட்டியது. என் வீடு சூட்டை வெளியே விடக்கூடாது என்று கட்டியது: செங்கல் சுவர், தரை முழுக்கக் கம்பளம், விசிறி மாட்டக் கூரையில் ஒரு கொக்கிகூட இல்லை. 2003இல் எங்கள் கென்ட்டின் ஃபேவர்ஷமில் 38.5 டிகிரி பதிவானபோது, இதற்குமேல் ஏறாது என்று கடிதம் பிரிக்கும் கூடத்தில் அடித்துப் பேசியவன் நான். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 ஆனது. அன்று பக்கத்து வீட்டு மூதாட்டி, காற்று வரட்டும் என்று நண்பகலில் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்திருந்தார். என் மனைவி போய் அத்தனையையும் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஈரப் போர்வை ஒன்றைக் கதவில் தொங்கவிட்டு வந்தாள். இந்த வித்தையை இங்கே யாரும் கற்றுக்கொண்டதில்லை, தேவையும் இருந்ததில்லை. அதே நாளில் லண்டனின் கிழக்கு ஓரத்திலுள்ள வென்னிங்டனில் புல்லில் பிடித்த தீ வீடுகளை எரித்தது.

அதற்கு முன் வெயில் என்றால் இங்குள்ள பெரியவர்களுக்கு 1976தான். அந்தக் கோடையில் தொடர்ந்து 15 நாள் இங்கிலாந்தில் எங்காவது 32 டிகிரியைத் தாண்டியது. ஆகஸ்ட் கடைசியில் டெனிஸ் ஹவலை வறட்சிக்கான அமைச்சராக்கினார்கள். சில நாட்களிலேயே மழை கொட்டியது. உங்கள் பக்கத்தில் கழுதைக்குக் கல்யாணம் செய்துவைப்பார்கள். இங்கே அமைச்சரை நியமித்தால் போதும்.

நீங்கள் போன காலத்துக்கும் இப்போதைக்கும் பருவங்கள் மாறியிருக்கின்றனவா?
– மதுரை வாசகர்

மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைக் கணக்கு 1659இல் தொடங்குகிறது. அதில் மிக வெப்பமான ஆண்டுகள் பெரும்பாலும் இந்த நூற்றாண்டில்தான் வருகின்றன. என் கணக்கு சின்னது. 1987 ஜனவரியில் கென்ட்டின் கிராமங்கள் பனியில் துண்டிக்கப்பட்டன. வாசலில் வைத்த பால் உறைந்து, புட்டியின் மூடியைத் தலையால் முட்டித் தூக்கி நின்றது. அதே ஆண்டு அக்டோபர் 16 அதிகாலைப் புயலில் தெற்கே ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. 'ஏழு ஓக் மரம்' என்று பொருள்படும் செவனோக்ஸில் அந்த ஏழில் ஆறு போயின.

வேலையில் சேர்ந்த புதிதில், ஜனவரிக் காலைகளில் இரும்புக் கேட்டின் தாழ்ப்பாளில் ஈர விரல் ஒட்டிக்கொள்ளும்; வாயால் ஊதித்தான் எடுப்பேன். கடைசி ஐந்து குளிர்காலங்களில் அப்படி ஊதிய நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நவம்பர் பிறந்தால் புல்வெட்டும் இயந்திரத்தைக் கொட்டகையில் வைத்துப் பூட்டுவது இங்கே வழக்கம். போன டிசம்பர் இரண்டாம் வாரம் எதிர்வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு புல் வெட்டினார். முடித்துவிட்டு, "அருமையான நாள், இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன்.