அக்காவிடம் கேளுங்கள்: பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

போன இதழில் வீட்டுக்கல்வி பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் தொடக்கப் பள்ளி வயதில் மதுரைத் தெப்பக்குளம் பக்கத்தில் எங்கள் வீட்டிலேயே படித்தவர்கள். இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள்.

அக்கா, என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிப்பதில்லை. இரவு ஒன்பது மணி வரை வீட்டுப்பாடம் எழுதுகிறான். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். அவருக்குத் திருப்பூரில் வேலை. பேசாமல் நிறுத்திவிட்டு நானே சொல்லிக்கொடுக்கட்டுமா? சட்டப்படி தப்பா?
– ஒரு அம்மா, கோவில்பட்டி

முதலில் அந்த வயிற்று வலியைப் பற்றிப் பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை வலிக்கவில்லை என்பதால் அவன் நடிக்கிறான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம் குழந்தைகளுக்கு வயிற்றில்தான் தெரியும். "ஏன் போக மாட்டேன்கிறாய்" என்று கேட்டால் பதில் வராது. பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், சாப்பாட்டு மணி அடித்ததும் என்ன நடக்கும், எந்த டீச்சர் வந்தால் வகுப்பு அமைதியாகிவிடும் என்று கதை கேட்கிற மாதிரி கேளுங்கள். படுக்கப் போகிற நேரம் இதற்கு நல்லது. அடி, கேலி, மிரட்டல் என்று ஏதாவது வெளியே வந்தால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் அதைத் தீருங்கள்.

அப்புறம் கண் பரிசோதனை. கரும்பலகை சரியாகத் தெரியாததால் எழுத முடியாமல் திணறும் பிள்ளைகள் உண்டு. கண் நன்றாக இருந்தும் வாசிப்பு தன் வயதுப் பிள்ளைகளைவிட ரொம்பவே பின்தங்கியிருந்தால், எழுத்துகள் இடம் மாறி விழுந்தால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள். இதைப் பார்க்காமல் நிறுத்திவிட்டால் பள்ளியில் இருந்த அதே அழுகை உங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும்.

சட்டத்துக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக்கல்வி என்று தனியாக ஓர் அங்கீகாரமும் அதில் இல்லை. நிறுத்தினால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் அவன் பெயர் வரும், ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். அவர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து மீட்கிறவர்கள் அவர்கள்தான். உட்கார வைத்து, பையனின் நோட்டுகளைக் காட்டிப் பொறுமையாக விளக்குங்கள். டி.சி.யையும், பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு மறுபடி பள்ளியில் சேர்க்க நினைத்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு இருக்கிறது. கதவு மூடிவிடாது.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை சட்டம் இல்லை. பகலில் அவனோடு யார் இருப்பார்கள் என்பதுதான். வீட்டில் இருப்பது வேறு, பிள்ளையோடு இருப்பது வேறு. சீருடை தைக்கும் ஜூன் மாதமும் தீபாவளிக்கு முந்தின மூன்று வாரமும் உங்களால் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியுமா? தினமும் காலையில் இரண்டு மணி நேரம், வாடிக்கையாளர் வந்தாலும் "பதினோரு மணிக்கு மேல் வாங்க" என்று சொல்ல முடிகிற இரண்டு மணி நேரம், வருஷம் முழுக்க ஒதுக்க முடியும் என்றால் ஆரம்பியுங்கள். டேப்பில் அங்குலம் பார்ப்பதும், இரண்டரை மீட்டர் துணியில் எத்தனை பாவாடை வரும் என்பதும் அவன் வயதுக்கு அருமையான கணக்கு.

முடியாது என்றால் மனசைத் தளரவிடாதீர்கள், இன்னொரு வழி இருக்கிறது. பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். சிறு வகுப்புகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டப்படி பாட்டு, கதை, செயல்பாடு என்று நடத்துகிறார்கள். வீட்டுப்பாடச் சுமை இல்லாத, அன்பான ஒரு டீச்சர் அங்கே இருந்தால் உங்கள் மகனுக்கு அதுவே போதும். அவனுக்கு வேண்டியது பயமில்லாத ஒரு காலை. அது எங்கே கிடைக்கிறதோ அங்கே அவனைக் கொண்டுபோங்கள்.

ஒன்பது வயது மகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார மறுக்கிறாள். பள்ளிப் பிள்ளைகள் ஆறு மணி நேரம் படிக்கிறார்களே, பின்தங்கிவிடுவாளோ?
– ஓர் அப்பா, கோயம்புத்தூர்

அந்த ஆறு மணி நேரத்தில் பிரார்த்தனை, வருகைப் பதிவு, நாற்பது பேர் நோட்டைத் திருத்துவது, வரிசையில் நிற்பது எல்லாம் அடக்கம். நேருக்கு நேர் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும். சமச்சீர்ப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொண்டு, அந்த வகுப்புக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் படிப்பு வீட்டில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. என் மகள் பெருக்கலையும் கூட்டலையும் கோலத்தில்தான் பிடித்தாள். நேர்ப்புள்ளி ஏழுக்கு ஏழு வைத்தால் 49 புள்ளி. இடுக்குப்புள்ளி ஏழிலிருந்து நாலு வரை என்றால்? நடுவில் ஏழு, மேலே 6, 5, 4, கீழேயும் 6, 5, 4. மொத்தம் 37. ஒவ்வொன்றாக எண்ணாமல், மேல்பக்கம் 15, அதை இரண்டு மடங்காக்கி ஏழைக் கூட்டலாம் என்று அவளே ஒரு மார்கழிக் காலையில் கண்டுபிடித்துச் சொன்னாள். இட்லிக்கு அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. ஆறு டம்ளர் அரிசி போட்டால் உளுந்து எவ்வளவு என்று உங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள். விகிதமும் பின்னமும் ஒன்றாக வந்துவிடும்.

உங்களிடம் நான் கேட்க நினைப்பது வேறு. சாயங்காலம் யாரோடு விளையாடுகிறாள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தோழமை தானாக அமையாது, நாம் தேடிக் கொடுக்க வேண்டும். தெருப்பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தை இவளுக்கு விளையாட்டு நேரமாக வையுங்கள். சிலம்பம், நீச்சல், பாட்டு என்று வாரம் முழுக்க அதே பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி ஒரு வகுப்பும், மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பிரிவும் இருக்கட்டும். பெரியவர்களோடு மட்டுமே பேசி வளரும் பிள்ளை கெட்டிக்காரப் பேச்சுப் பேசும். ஆனால் சண்டை போட்டுச் சமாதானமாகக் கற்றுக்கொள்ளாது. பாடம் ஒரு மாதம் தள்ளிப் போனால் பிடித்துவிடலாம், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பேத்திக்கு ஆறு வயது. மகனும் மருமகளும் பள்ளிக்கு அனுப்பவில்லை. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நான் ஏதாவது சொன்னால் மருமகள் முகம் மாறுகிறது. எனக்குத் தூக்கமே இல்லை.
– ஒரு பாட்டி, திண்டுக்கல்

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆறு வயதில் எழுத்து தெரியாதது பெரிய குறை இல்லை. ஆனால் பத்து வயதிலும் தாய்மொழி வாசிக்கத் தெரியாமல் போனால் அது குறைதான். மருமகளிடம் "ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை" என்று கேட்காமல், "தமிழை நான் பார்த்துக்கொள்ளட்டுமா" என்று கேட்டுப் பாருங்கள். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருக்கிற பெண்ணுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும்.

247 எழுத்தையும் வரிசையாக எழுத வைக்க வேண்டாம். ட, ப, ம என்று நேர்கோட்டில் வருகிற எளிய எழுத்துகளில் தொடங்கி படம், பட்டம், மடம் என்று உடனே சொல்லாக்கிவிடுங்கள். வாசித்தது சொல்லாக மாறும்போது பிள்ளை முகத்தில் வருகிற சந்தோஷம்தான் அடுத்த எழுத்துக்கு இழுத்துப் போகும். என் மகன் பேருந்துப் பலகைகளில்தான் படித்தான். பெரியார், மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை, திருமங்கலம். உங்கள் ஊரில் பழனி, நத்தம், வத்தலக்குண்டு இருக்கின்றனவே. நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள், ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து வாசிக்கட்டும்.

நான் 13 வயதுப் பெண். ஆறாம் வகுப்பிலிருந்து வீட்டில்தான் படிக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு எப்படி எழுதுவது? அப்பாவுக்குச் சரியாகத் தெரியவில்லை.
– காரைக்குடி

நீயே எழுதிக் கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம் கண்ணு. உனக்கு இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மத்திய அரசு 1989-இல் தொடங்கியது. 14 வயது நிறைந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் எடுத்தால் போதும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். தமிழை எடுக்கலாம். ஓவியம், மனையியல், கர்நாடக இசைகூடப் பாடமாக இருக்கின்றன. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று வருஷத்தில் இரண்டு முறை தேர்வு. பதிவு ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய அவசியமில்லை, இரண்டு பாடம், மூன்று பாடம் என்று பிரித்து எழுதலாம்.

இன்னொன்று, நம் மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது எந்தப் பள்ளியிலும் சேராமல் நேரடியாக எழுதுவது. நீ எட்டாம் வகுப்பைப் பள்ளியில் முடிக்காததால் முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பன்னிரண்டரை வயது நிறைந்தால் போதும், உனக்கு ஆகிவிட்டது. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் தனியாகப் பதிய வேண்டும், பலர் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். விண்ணப்பத்துக்கு அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு அப்பாவோடு போ.

எனக்கு எந்த வழி பிடிக்கும் என்று கேட்டால், உனக்கு இசையோ ஓவியமோ உயிர் என்றால் முதலாவது. பதினொன்றாம் வகுப்புக்கு உள்ளூர்ப் பள்ளியில் தோழிகளோடு போய் உட்கார ஆசை என்றால் இரண்டாவது, பாடநூல் தொடர்ச்சியாக இருக்கும். எதுவானாலும், பிற்பாடு சேர நினைக்கும் படிப்பின் தகுதி விதியை இப்போதே ஒரு தடவை வாசித்துவிடு. இன்னொரு வேலை: ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் உன் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று அப்பாவைப் பார்க்கச் சொல். வித்தியாசம் இருந்தால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே திருத்திவிட வேண்டும்.