மாத விற்பனை மொத்தம் வர ஆறு நிமிடமா? கூட்டி முடித்ததை மறுபடி கூட்டாதீர்கள்

கேள்வி: மதுரையில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தின் மென்பொருளைக் கவனித்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது தொடங்கிய டேட்டா இது. பில் டேபிளில் சுமார் 50 லட்சம் பில், பில்லுக்குள் வரும் ஐட்டங்களுக்கான டேபிளில் சுமார் 4 கோடி பதிவுகள். 180 கம்பெனி, 22 ஏரியா, 9,000 ஐட்டம். கம்பெனி வாரியாகவும் ஏரியா வாரியாகவும் ஒரு மாத மொத்தம் கேட்டால் ஆறு நிமிடம் ஆகிறது. போன வருடத்தோடு ஒப்பிட்டால் கால் மணி நேரம். அந்த நேரத்தில் பில் போடும் கவுன்ட்டர்களும் திணறுகின்றன. இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) போட்டால் போதுமா, கணக்கிட்ட விடையைச் சேமித்து வைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூ வைக்கலாமா, அல்லது முதலாளி சொல்வதுபோல் புது சர்வரே வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் உங்கள் எண்களையே கொஞ்சம் வகுத்துப் பார்ப்போம். 4 கோடி பதிவுகள், ஏறக்குறைய 100 மாதங்கள். அப்படியானால் ஒரு மாதத்துக்குச் சுமார் 4 லட்சம் பதிவு. 4 லட்சம் எண்களைக் கூட்டுவது போஸ்ட்கிரெஸுக்குச் சில விநாடி வேலைகூட இல்லை. ஆறு நிமிடம் ஆகிறது என்றால் அது கூட்டும் நேரம் அல்ல, தேடும் நேரம். ஒரு மாதத்தைக் கேட்கிறீர்கள். அது எட்டு வருடத்தையும் படித்துவிட்டு வருகிறது.

டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியான குவெரிக்கு முன்னால், அது எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டு ஓட்டுங்கள். ஐட்டம் டேபிளின் பெயருக்குப் பக்கத்தில் 'சீக் ஸ்கேன்' (டேபிளை முழுக்கப் படிக்கும் சீக்வென்ஷியல் ஸ்கேன்) என்று வந்தால் நான் சொல்வது உறுதி. இதற்கு இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, பில் தேதியிலிருந்து மாதத்தையும் வருடத்தையும் பிரித்தெடுத்து, 'மாதம் 8, வருடம் 2025' என்று நிபந்தனை எழுதியிருப்பது. இப்படித் தேதியை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டால், தேதி மீது இருக்கும் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. 'ஆகஸ்ட் 1 அல்லது அதற்குப் பின், செப்டம்பர் 1க்கு முன்' என்று எழுதுங்கள். 'ஆகஸ்ட் 31 வரை' என்று எழுதாதீர்கள். தேதியோடு நேரமும் சேர்ந்த நெடுவரிசையாக (column) இருந்தால், 31ஆம் தேதி நள்ளிரவு 12 மணியோடு அது நின்றுவிடும். அன்று பகலில் போட்ட பில் எல்லாம் கணக்கில் வராது. மாதக் கடைசி நாள் விற்பனை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது காரணம் டேபிள் அமைப்பிலேயே இருக்கிறது. தேதி பில் டேபிளில் இருக்கிறது, கூட்ட வேண்டிய தொகை ஐட்டம் டேபிளில் இருக்கிறது. ஐட்டம் டேபிளில் தேதியே இல்லாதபோது அதன் மேல் தேதி இண்டெக்ஸ் போட வழியில்லை. பில் தேதியை ஐட்டம் டேபிளிலும் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிடுங்கள். ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் வைக்கக்கூடாது என்று படித்திருப்போம். இந்த அளவு டேட்டாவில் அந்த விதியைத் தெரிந்தே மீறலாம், ஆனால் பில் தேதி மாறினால் ஐட்டம் தேதியும் கூடவே மாறும்படி டிரிகர் (பதிவு மாறும்போது தானாக ஓடும் நிரல்) இருக்க வேண்டும். பழைய 4 கோடி பதிவுகளுக்கும் ஒரே அப்டேட்டில் தேதி நிரப்பிவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவை மாற்றும்போது பழையதை உடனே அழிக்காமல் புதிதாக ஒன்று எழுதும். டேபிள் ஏறக்குறைய இரு மடங்காக வீங்கிவிடும். மாதம் மாதமாகப் பிரித்து, இடையிடையே பழைய பதிவுகளின் இடத்தை விடுவிக்கும் வேக்யூம் ஓட்டி நிரப்புங்கள். பிறகு அந்தத் தேதி மீது சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் போதும். பில்கள் காலவரிசைப்படி உள்ளே வருவதால் ஒரு மாதப் பதிவுகள் டிஸ்க்கிலும் பெரும்பாலும் அடுத்தடுத்தே இருக்கும், படிக்கச் சுலபம்.

இதுவரை செய்தாலே மாத ரிப்போர்ட் சில விநாடிகளுக்கு இறங்கிவிட வேண்டும். ஆனால் ஏப்ரலிலிருந்து இன்றுவரை, அதோடு போன நிதியாண்டின் அதே காலம் என்று கேட்கும்போது அரை கோடிப் பதிவுகளுக்கும் மேல் வந்துவிடும். அங்கே இண்டெக்ஸ் பெரிதாக உதவாது. படித்தே ஆக வேண்டிய பதிவுகளே அத்தனை.

இங்கேதான் முக்கியமான விஷயம். 2019 நவம்பரின் விற்பனை மொத்தம் இனி மாறப்போவதில்லை. ஆனாலும் யாராவது கேட்கும்போதெல்லாம் உங்கள் டேட்டாபேஸ் அதைப் பைசா பைசாவாக மறுபடி கூட்டுகிறது. கையால் பேரேடு எழுதிய கணக்குப்பிள்ளை பக்கத்தின் அடியில் மொத்தம் போட்டு, அடுத்த பக்கத்தின் தலையில் 'கொண்டுவந்தது' என்று எழுதிவிட்டு மேலே போவார். முதல் பக்கத்துக்குத் திரும்ப மாட்டார். நீங்களும் அப்படி ஒரு சுருக்க டேபிள் வைக்க வேண்டும்.

அதில் எந்த விவரம் வாரியாக மொத்தம் வைப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். 'நாள், ஐட்டம், ஏரியா வாரியாக வைத்துவிட்டால் எல்லாக் கேள்விக்கும் விடை வருமே' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதத்தில் 25 வேலை நாள் என்று வைத்தால், ஒரு நாளைக்கு உங்களுக்கு வருவதே சுமார் 16,000 பதிவு. 9,000 ஐட்டம், 22 ஏரியா என்று பிரித்தால் பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே இருக்கும், மற்றவற்றில் ஒன்றிரண்டு பதிவுகள்தான் விழும். சுருக்க டேபிளும் மூல டேபிள் அளவுக்கே வந்து நிற்கும். வேலை மட்டும் இரட்டிப்பாகும். நாள், கம்பெனி, ஏரியா என்றால் 180 பெருக்கல் 22, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 3,960 பதிவு. எல்லாக் கம்பெனியும் எல்லா ஏரியாவிலும் தினமும் விற்காது என்பதால் நிஜத்தில் இன்னும் குறைவு. இதையே மாத வாரியாக இன்னொரு டேபிளில் திரட்டினால், இரண்டு முழு வருட ஒப்பீட்டுக்கும் ஒரு லட்சத்துக்குள் பதிவுகள்தான். ஐட்டம் வாரிக் கேள்விகளுக்கு ஏரியாவை விட்டுவிட்டு, மாதம், ஐட்டம் என்று தனியாக ஒன்று வையுங்கள். மாதத்துக்கு 9,000தான். யாரோ எப்போதோ கேட்கும் ஐட்டம்-ஏரியா கேள்வி மூல டேபிளுக்கே போகட்டும், பத்து விநாடி காத்திருப்பதில் தவறில்லை.

சுருக்க டேபிளில் கூட்டக்கூடிய எண்களை மட்டும் வையுங்கள். விற்பனைத் தொகை, ரிட்டர்ன் தொகை, அளவு, ஃப்ரீயாகக் கொடுத்த அளவு, கொள்முதல் மதிப்பு, ஜிஎஸ்டி. விற்பனையையும் ரிட்டர்னையும் கழித்து ஒரே எண்ணாக வைக்காதீர்கள். எக்ஸ்பைரி ரிட்டர்ன் எந்தக் கம்பெனியில் ஏறுகிறது என்பதுதான் உங்கள் தொழிலில் முதலில் பார்க்க வேண்டியது. லாப சதவீதத்தை உள்ளே சேமிக்கக் கூடாது. முப்பது நாள் சதவீதங்களின் சராசரி அந்த மாதத்தின் சதவீதம் ஆகாது. விற்பனையையும் கொள்முதலையும் தனித்தனியே கூட்டிக் கடைசியில் வகுக்க வேண்டும். எத்தனை கடைகள் வாங்கின என்பதும் கூட்ட முடியாத எண். ஒரே கடை பத்து நாள் வாங்கியிருந்தால் பத்தாகிவிடும். அதை மூலத்திலிருந்துதான் எண்ண வேண்டும்.

சரி, இந்த டேபிளை எப்படிப் புதுப்பிப்பது? மெட்டீரியலைஸ்டு வியூ பற்றிக் கேட்டீர்கள். போஸ்ட்கிரெஸில் 2013இல் வந்த 9.3 பதிப்பிலிருந்தே அது இருக்கிறது. ஆனால் ரெஃப்ரெஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் அது முழு குவெரியையும் முதலிலிருந்து ஓட்டும்; மாறிய நாளை மட்டும் சரிசெய்யாது. 9.4இல் வந்த கன்கரன்ட் ரெஃப்ரெஷ், படிப்பவர்களை நிறுத்தி வைக்காது, அவ்வளவுதான். அதிலும் முழுக் கூட்டல் உண்டு. 4 கோடிக்கு அது பொருந்தாது.

பில் போடும்போதே டிரிகர் வைத்துச் சுருக்க டேபிளில் தொகையைக் கூட்டிவிடலாமே என்று அடுத்ததாகத் தோன்றும். வேண்டாம். உதாரணமாக, காலை பதினொரு மணிக்கு எட்டு கவுன்ட்டரிலும் வேகமாக விற்கும் கம்பெனியின் மருந்து பில் ஆகிக்கொண்டிருக்கும். எட்டுப் பேரும் சுருக்க டேபிளில் அதே சில பதிவுகளை மாற்றக் காத்திருப்பார்கள். ஒருவர் முடித்து அது கமிட் ஆனால்தான் (நிரந்தரமாகப் பதிவானால்தான்) அடுத்தவருக்கு வழி. இப்போது ரிப்போர்ட் நேரத்தில் மட்டும் இருக்கும் திணறல் நாள் முழுக்க ஆகிவிடும்.

நான் பரிந்துரைப்பது இது. 'மாறிய தேதிகள்' என்று ஒரு சின்ன டேபிள். பில் சேர்ந்தாலோ, திருத்தப்பட்டாலோ, ரத்தானாலோ, டிரிகர் அந்த பில்லின் தேதியை அதில் எழுதிவிடும். பில்லின் தேதியையே மாற்றினால் பழைய தேதி, புதுத் தேதி இரண்டையும் எழுத வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வேலை ஓடும்: பட்டியலில் உள்ள தேதிகளை எடுத்து அழிக்கும், அந்த நாட்களுக்கான சுருக்கப் பதிவுகளை நீக்கும், மூல டேபிளிலிருந்து புதிதாகக் கூட்டி எழுதும். எல்லாம் ஒரே டிரான்ஸாக்ஷனில், அதாவது நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது. ஒரு நாளின் 16,000 பதிவைக் கூட்ட கண் இமைக்கும் நேரம் போதும். வித்தியாசத்தை மட்டும் கூட்டிக் கழிக்கும் முறையை விட இது நம்பகமானது. தவறி இரண்டு முறை ஓடினாலும் விடை மாறாது.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டியலில் ஒரு தேதி ஒருமுறைதான் இருக்க வேண்டும் என்று யூனிக் கட்டுப்பாடு போட்டு, 'ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு' என்று எழுதிவிடுவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரு பில் 'தேதி ஏற்கெனவே இருக்கிறது' என்று பார்த்து எழுதாமல் விட்டு, இன்னும் கமிட் ஆகாத நிலையில், நம் வேலை அந்தத் தேதியை அழித்து நாளைக் கூட்டி முடித்துவிட்டால்? அந்த பில் சுருக்கத்தில் ஏறாது. இனி அந்த நாளைத் தொடச் சொல்லவும் ஆளில்லை. ஆகவே ஒரே தேதி நூறு முறை வந்தாலும் வரட்டும், நூறையும் எழுதுங்கள். கமிட் ஆகாத பில்லின் குறிப்பும் கமிட் ஆகாமலே இருக்கும். அடுத்த சுற்றில் வந்து சேரும். கூட்டும் வேலையை ரீட் கமிட்டட் (ஒவ்வொரு கட்டளையும் அது தொடங்கும்வரை கமிட் ஆனதைப் பார்க்கும் முறை) என்ற இயல்பான ஐசொலேஷனிலேயே ஓட்டுங்கள், முதலில் பட்டியலை அழித்துவிட்டு அப்புறம் கூட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஓடாமல் பூட்டும் வையுங்கள்.

இன்றைய விற்பனையை மட்டும் மூல டேபிளிலிருந்து நேரடியாக எடுத்து, நேற்று வரைக்குமான சுருக்கத்தோடு யூனியன் ஆல் கொண்டு சேர்த்துவிடுங்கள். இந்த நிமிடம் போட்ட பில்லும் ரிப்போர்ட்டில் தெரியும்.

வேகம் வந்தபின் மொத்தம் சரியா என்ற கேள்வி வரும். அதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. தப்பான மொத்தம் வேகமாக வருவதால் யாருக்கும் பயனில்லை. பில் டேபிளையும் ஐட்டம் டேபிளையும் இணைத்துவிட்டு பில்லின் நிகரத் தொகையைக் கூட்டினால், எட்டு ஐட்டம் உள்ள பில் எட்டு மடங்காகிவிடும். ஐட்டம் தொகையை ஐட்டம் டேபிளிலிருந்தும், ரவுண்ட் ஆஃப், வண்டி வாடகை போன்றவற்றைப் பில் டேபிளிலிருந்தும் தனித்தனியே கூட்டுங்கள். ஏரியா குறிக்காத வாடிக்கையாளரை, இரு டேபிளிலும் பொருந்துவதை மட்டும் தரும் இன்னர் ஜாயின் சத்தமில்லாமல் கழற்றிவிடும். பொருந்தாததையும் விடாமல் தரும் லெஃப்ட் ஜாயின் போட்டு 'ஏரியா இல்லை' என்று ஒரு வரிசை காட்டுங்கள். தள்ளுபடி 'நல்' (null, மதிப்பே எழுதாத வெற்றிடம்) ஆக இருந்தால், விலையிலிருந்து அதைக் கழித்த விடையும் 'நல்' ஆகி, அந்தத் தொகை மொத்தத்திலிருந்து காணாமல் போகும். தொகை நெடுவரிசைகள் ஃப்ளோட் (தோராய தசம எண்) ஆக இருந்தால் நியூமெரிக் (துல்லிய தசம எண்) ஆக மாற்றுங்கள்.

மருந்துத் தொழிலுக்கே உரிய ஒன்று: 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. உங்கள் குவெரி வரி சதவீதத்தை, ஐட்டங்களின் இன்றைய விவரம் உள்ள ஐட்டம் மாஸ்டரிலிருந்து எடுத்தால், அதற்கு முந்தைய ஒரு நாளை மறுபடி கூட்டும்போது 12 போட்ட பில்லுக்கு 5 கணக்காகும். வரியை பில் போட்ட அன்று ஐட்டம் பதிவில் எழுதிய தொகையிலிருந்தே எடுக்க வேண்டும். ஏரியாவும் அப்படித்தான். ஒரு கடையை ஒரு விற்பனைப் பிரதிநிதியிடமிருந்து இன்னொருவரின் ஏரியாவுக்கு மாற்றினால், பழைய விற்பனை யார் கணக்கில்? அவர்களுடைய இன்சென்டிவ் இதில் இருக்கிறது. ஏரியாவை பில்லிலேயே பதிந்து வைத்தால் பழைய நாளை எத்தனை முறை கூட்டினாலும் அன்றிருந்தவருக்கே போகும்.

தினமும் இரவில், நடப்பு மாதத்தின் சுருக்க மொத்தத்தையும் மூல மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். வாரம் ஒருமுறை எல்லா மாதங்களுக்கும். பைசா வித்தியாசம் வந்தாலும் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். ரவுண்டிங்காக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். நியூமெரிக்கில், அதே பதிவுகளை எந்த வரிசையில் கூட்டினாலும் ஒரே விடைதான் வரும். வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு பில் விடுபட்டிருக்கிறது அல்லது தவறாக ஏறியிருக்கிறது.

புது சர்வர் விஷயம். வாங்குவதற்கு முன் இப்போதைய சர்வரின் செட்டிங்கைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸை நிறுவிய நிலையிலேயே விட்டிருந்தால் ஷேர்டு பஃபர்ஸ் (படித்த டேட்டாவை வைத்துக்கொள்ளும் பொது மெமரி) 128 எம்பி, ஒர்க் மெம் (வரிசைப்படுத்தவும் கூட்டவும் தரும் மெமரி) 4 எம்பிதான் இருக்கும், மெஷினில் 32 ஜிபி மெமரி இருந்தாலும். ஷேர்டு பஃபர்ஸை மொத்த மெமரியில் கால் பங்கு அளவுக்கு உயர்த்தலாம். ஒர்க் மெம்மை எல்லாருக்கும் உயர்த்தாமல், ரிப்போர்ட் ஓடும் இணைப்பில் மட்டும் 64 எம்பி போல வையுங்கள். இதற்குப் பிறகும் ரிப்போர்ட் ஓடும்போது கவுன்ட்டர் தடுமாறினால் பணம் செலவழிக்கலாம், ஆனால் பெரிய சர்வருக்கு அல்ல. ரிப்போர்ட்டுகளுக்கு மட்டும் ஒரு ரெப்ளிகாவாக (அதே டேட்டாவின் நகலாக) ஓடும் சாதாரண இரண்டாவது மெஷினுக்கு. மேலே சொன்ன தேதி நெடுவரிசையும் சுருக்க டேபிளும் முடிந்து, ஒரு மாத இறுதியைக் கடந்தபின் முதலாளியிடம் அந்தப் பேச்சை எடுங்கள்.