ரப்பர்த் தோட்டத்தை அடகு வைக்கும் முன்பு

போன வாரம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டத்தில் உள்ள என் படிப்பு ஆலோசனை அலுவலகத்துக்கு வந்தது. அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. சொந்தமாக 30 சென்ட் ரப்பர் உண்டு. அதை வெட்டி முடித்துவிட்டு அடுத்தவர் தோட்டத்திலும் வெட்டுகிறார். அம்மாவும், பிளஸ் டூ முடித்த மகளும் கூட வந்திருந்தார்கள். திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் தாய்மாமா ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஃபோனில் வந்துகொண்டிருந்தார்.

"சாரே, நாலு வருஷம், ஆஸ்டலோட சேத்து ஒம்பது லட்சம் ஆவும். ஏஐ படிச்சா காலேஜிலேயே வேல கிட்டும்னு மாமன் சொல்லுகாரு. தோட்டத்த பேங்குல வெச்சிரட்டா?"

முதலில் நானும் பதறாதீர்கள், யோசிக்கலாம் என்றுதான் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளை எழுந்து போய், என் மேசை ஓரத்தில் கலைந்து கிடந்த கல்லூரிக் கையேடுகளை ஆண்டுவாரியாக அடுக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை. அடுக்கி முடித்து ஒன்றை மட்டும் தனியே எடுத்து நீட்டினாள். "சார், இது 2019-ல உள்ளது. இதுல போட்டிருக்க ஃபீஸ் இப்ப இருக்காது. வெளிய வச்சா ஆளுங்க தப்பா நம்பிருவாங்க."

அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேராகவே சொன்னேன்: அண்ணே, தோட்டத்தை அடகு வைக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் படிப்பு மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கில் ருசி உள்ள பிள்ளை, கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்தால், தாராளமாகச் சேரட்டும். இந்தப் பிள்ளைக்குக் கணக்கு என்றால் வயிற்றைக் கலக்குகிறது. அவளே சொன்னாள், அம்மாவுக்கும் தெரியும். விருப்பமில்லாத படிப்புக்கு ஒன்பது லட்சம் கடன் வாங்கினால், அந்தக் கடன் முதல் செமஸ்டர் அரியரிலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரப்பர் நட்டால் பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன தோட்டத்தை அவ்வளவு சுலபமாகத் திரும்ப உண்டாக்க முடியாது. மாமா பாசத்தில் சொல்கிறார், சரி. ஆனால் மாதத் தவணை அவர் கட்டப் போவதில்லை.

அப்புறம் என்ன படிக்க வைப்பது? பள்ளி நூலகர் வேலைக்குத் தயார் செய்யுங்கள் என்றேன். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "லைப்ரரியில சும்மா இருக்கதுக்கா சாரே?"

சும்மா இருக்கும் வேலை இல்லை அது. அமெரிக்கப் பள்ளிகளில் இதற்கு 'லைப்ரரி மீடியா ஸ்பெஷலிஸ்ட்' என்று பெயர்; பல மாநிலங்களில் ஆசிரியர் உரிமமும் நூலக அறிவியலில் முதுகலையும் கேட்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவருக்கு முதல் சில நாட்களிலேயே அலுத்துவிட்டது. வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார். லண்டனுக்குப் படிக்கப் போய், அங்கே நூலகங்கள் நடக்கிற விதத்தைப் பார்த்துத்தான் மனம் மாறினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை இன்றைக்கும் உலகம் முழுக்க நூலகவியல் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். அதில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்தப் பழைய கையேட்டைத் தனியே எடுத்தபோது உங்கள் மகள் செய்ததும் அதுதான்.

ஒரு நல்ல பள்ளியில் இந்த வேலை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு விளக்கினேன். புதுப் புத்தகம் வந்தால் பதிவேட்டில் எண் ஏற்றி, முத்திரை குத்தி, பொருள் பார்த்து வகைப்பாட்டு எண் கொடுத்து, முதுகில் லேபிள் ஒட்ட வேண்டும். டூயி தசம முறையில் டைனோசருக்கு 567.9, தமிழ் இலக்கியத்துக்கு 894.811, மலையாள இலக்கியத்துக்கு 894.812. நம் ஊர் போலவே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். வீட்டில் தமிழ், அம்மாச்சியிடம் மலையாளம், இரண்டு எழுத்தும் அவளுக்குச் சரளம். எல்லையில் வளர்ந்ததில் கிடைத்த இந்தச் சொத்தை எந்த பிளேஸ்மென்ட் விளம்பரமும் கணக்கில் எடுப்பதில்லை. கோஹா மாதிரி இலவச நூலக மென்பொருளில் முழு நூலகத்தையும் ஏற்றி வைக்கவும் கற்றுக்கொள்வாள். கம்ப்யூட்டர் வேண்டும் என்ற மாமாவின் ஆசை இங்கேயும் கொஞ்சம் நிறைவேறும்.

அதைவிடப் பெரிய வேலை, பிள்ளைகளுக்குத் தகவலைச் சோதிக்கக் கற்றுக்கொடுப்பது. ஒவ்வொரு மழைக்கும் பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் சுற்றுமே, அதை எட்டாம் வகுப்பில் திரையில் போட வேண்டும். யார் எடுத்தது, எந்த வருஷம், வேறு எங்கே வந்திருக்கிறது என்று பிள்ளைகளையே தேட வைக்க வேண்டும். பழைய படம் என்று ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டால், அன்று இரவு அவன் வீட்டில் யாரும் அதை ஃபார்வர்டு செய்ய மாட்டார்கள். ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் மாணவர்கள் 4,000 சொல் வரைக்கும் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். மூலங்களைத் தேடவும் முறையாகக் குறிப்பிடவும் நூலகர்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவார். இதுவும் ஆசிரியர் வேலைதான்.

படிப்பு விஷயம் எளிது. ஏதாவது ஒரு இளங்கலை, மூன்று வருஷம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், அரசு உதவி பெறும் கல்லூரியில் அவளுக்குப் பிடித்த பாடம். அவள் வரலாறு என்றாள், நல்லது. ஆனால் 55 சதவீதத்துக்குக் குறையவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். பிறகு நூலக அறிவியலில் இளங்கலையான பி.லிப் ஒரு வருஷம், முதுகலையான எம்.லிப் ஒரு வருஷம். திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் துறை இருக்கிறது. தொலைநிலையில் படிப்பதானால் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) உண்டு. வேறு எங்கே சேர்ந்தாலும் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

வேலை? கேந்திரிய வித்யாலயா நூலகர் பணிக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா தமிழ்நாட்டில் இல்லை. எல்லை தாண்டினால் கேரளத்தில் மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது. எம்.லிப்பில் 55 சதவீதம் வாங்கி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வும் எழுதித் தேறினால் கல்லூரி நூலகர் பதவிக்கும் போகலாம், உதவிப் பேராசிரியர் சம்பள விகிதத்தில். ஒரு விஷயத்தை மறைக்க மாட்டேன்: கேந்திரிய வித்யாலயா அறிவிப்பு வருஷா வருஷம் வருவதில்லை, ஹிந்தியும் ஓரளவு தெரிய வேண்டும். அதனால் கல்லூரி முதல் வருஷத்திலேயே ஹிந்திப் பிரசார சபைத் தேர்வுகளை ஆரம்பிக்கட்டும். தனியார் பள்ளிகளில் நூலகரை லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதும் நடக்கிறது. சேரும் முன்பே, புத்தகம் வாங்க வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள், எந்த வகுப்புக்கு எத்தனை நூலகப் பீரியட் என்று கேட்டுவிட வேண்டும். பதில் சொல்லத் தெரியாத பள்ளியில் சேர வேண்டாம்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. அம்மாதான் கேட்டார், "பிள்ளைக்கு இது பிடிக்குமா சாரே?" அதை என்னிடம் கேட்கக் கூடாது அக்கா, அவளிடம் கேளுங்கள் என்றேன். ஒரு நாள் வேலையை ஒதுக்கிவிட்டு, மூன்று பேருமாகத் திருவனந்தபுரம் ரயிலேறுங்கள். அங்கே 1829-இல் தொடங்கிய மாநில மத்திய நூலகம் இருக்கிறது. அவளை உள்ளே விட்டுவிட்டு நீங்கள் வெளியே ஒரு டீ குடியுங்கள். எவ்வளவு நேரம் கழித்து வெளியே வருகிறாள் என்று பாருங்கள். அதுவரை சீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டாம். மாமாவிடம் நானே பேசுகிறேன். பால்வெட்டு முடிந்து ஒன்பது மணிக்கு மேல் அவருடைய நம்பரை அனுப்புங்கள்.