குதிகால் அறுவை சிகிச்சைக்குப் படகை விற்கலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் இருக்கிறோம். கணவர் சொந்த நாட்டுப்படகில் மீன்பிடிக்கிறார், நான் பாசி எடுக்கிறேன். போன வாரம் பைக் சக்கரத்தில் கால் மாட்டி, அவருடைய குதிகால் சதை பிய்ந்து எலும்பு தெரிகிறது. ‘ஃபிளாப்’ அறுவை சிகிச்சைக்கு 2 லட்சம் ஆகும் என்கிறது தனியார் மருத்துவமனை. வெறும் தோல் ஒட்டினால் செலவு குறையும் என்கிறார் என் கொழுந்தனார். கையில் 40,000 ரூபாயும் 6 பவுனும் இருக்கின்றன. படகை விற்கவா, மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் கொழுந்தனார் சொல்வதில் பணக் கணக்கே தப்பு. குதிகால் உடம்பின் பாரத்தைத் தாங்கும் இடம். திறந்து கிடக்கும் எலும்பின் மேல் மெல்லிய தோல் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் நடக்க நடக்கப் புண்ணாகும், மறுபடியும் செலவு. ஃபிளாப் என்றால் தோலும் கொழுப்பும் தனக்கான ரத்தக்குழாயோடு வந்து உட்காரும். பெரும்பாலும் கெண்டைக்காலிலிருந்தோ உள்ளங்காலின் குழிவிலிருந்தோ திருப்பி வைப்பார்கள்.

அதற்கு நீங்கள் 2 லட்சம் கட்டத் தேவையில்லாமல் போகலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லையா? கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. தனியாரில்தான் செய்வது என்றால், அவர்கள் இந்தத் திட்டத்தில் இருக்கிறார்களா, முன் அனுமதி வாங்குவார்களா என்று அட்மிட் ஆகும் முன்பே கேளுங்கள். எலும்பு தெரியும் காயம். இந்த வாரமே அலையுங்கள்.

நான் பயப்படுவது அதற்கப்புறம் வரும் மாதங்களை நினைத்துத்தான். பல வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது. பார்த்துக்கொள்ள நீங்களும் பாசிக்குப் போக முடியாது. வீட்டுச் செலவு மாதம் 15,000 என்றால் ஐந்து மாதத்துக்கு 75,000. மதுரைக்குப் போய்வரும் செலவு, மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு எல்லாம் தனி. கையிலுள்ள 40,000 இதற்குத்தான். பற்றாததற்கு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகையை வையுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் 50,000-க்கு வட்டி 5,000. அஞ்சு வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு ஐந்து) வாங்கினால் அதே தொகைக்கு ஆண்டுக்கு 30,000!

வியாபாரி வட்டி கேட்க மாட்டார்தான். ஆனால் கடன் தீரும்வரை அவர் சொல்லும் விலைக்குத்தான் மீனைப் போட வேண்டும். படகை நம்பிக்கையான ஒருவரிடம் பங்குக்கு விடுங்கள்; கணவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் படகுப் பங்கு வரும்.

மீனவர் விபத்துக் காப்பீட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விபத்துச் சிகிச்சைக்கு 25,000 வரை உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, பில், விபத்து குறித்த போலீஸ் பதிவு எதையும் தொலைக்காதீர்கள்.

அவர் பீடி பிடிப்பவரா? இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். வைத்த சதை கறுத்துப்போனால் இந்தக் கணக்கெல்லாம் முதலிலிருந்து போட வேண்டிவரும்.